கால் டாலர் கனவு: ஸ்காட் மெக்ளௌடை 25 வருஷம் கழித்துப் படிப்பது

இணையத்தில் காமிக்ஸ் வரைந்து சாப்பிட முடியுமா? பதிப்பாளர் இல்லாமல், பத்திரிகை இல்லாமல், நேராக வாசகரிடம் காசு வாங்கி? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, காமிக்ஸ் வடிவத்திலேயே விரிவாகப் பதில் சொல்லிப் பார்த்த புத்தகம் ஸ்காட் மெக்ளௌடின் 'ரீஇன்வென்டிங் காமிக்ஸ்'. 2000-ல் வந்தது. அவருடைய முந்தைய புத்தகமான 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' (1993) படித்தவர்கள் நம்ம பக்கத்திலும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது புத்தகத்தை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. மோடம் காலத்துச் சமாச்சாரம், சொன்னது பலிக்கவில்லை, அதனால் காலாவதி. பொதுவான தீர்ப்பு இதுதான்.

கொஞ்ச நாளாக வெப்காமிக்ஸ் ஓவியர்களின் வருமான வழிகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாக்கில் இதை மறுபடி படித்தேன். எனக்குத் தோன்றுவது வேற. மெக்ளௌட் சொன்ன இரண்டு பெரிய விஷயங்களுமே பலித்துவிட்டன. ஆனா அவர் யாருக்காகச் சொன்னாரோ அவர்கள் கையில் பலிக்கவில்லை. ஏன் அப்படி ஆச்சு என்பதுதான் இந்தக் கட்டுரை.

புத்தகம் என்ன சொன்னது

பின்னணி தெரியாமல் படித்தால் மெக்ளௌட் வெறும் கம்ப்யூட்டர் பைத்தியம் மாதிரித் தெரிவார். அப்படி இல்லை. அமெரிக்க காமிக்ஸில் ஓவியர் ஏமாற்றப்படுவதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 1938-ல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை விற்றது 130 டாலருக்கு. 1988-ல் சுயாதீன ஓவியர்கள் சிலர் கூடி 'படைப்பாளர் உரிமை சாசனம்' ஒன்று எழுதினார்கள். அதன் முக்கிய வரைவாளர் மெக்ளௌட்தான். 90-களின் நடுவில் சந்தை சரிந்தது. மார்வெல் 1996 கடைசியில் திவால் மனு போட்டது. காமிக்ஸ் கடைகளுக்குப் புத்தகம் போய்ச் சேரும் வழி ஏறக்குறைய டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர் கையில் வந்து நின்றது.

இந்தச் சூழ்நிலையில் உட்கார்ந்து, வாசகர் கொடுக்கிற ஒரு டாலர் எங்கெங்கே போகுது என்று அவர் கணக்குப் போடுகிறார். கடைக்காரர், விநியோகஸ்தர், அச்சகம், பதிப்பாளர் எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் வரைந்தவருக்கு. இணையம் வந்தால் நடுவில் இருக்கிற எல்லாரும் வேண்டாம். வாசகர் ஒரு பக்கம், ஓவியர் ஒரு பக்கம், நடுவில் ஒரு கம்பி. அப்போ விலையை மிக மிகக் குறைக்கலாம். சில காசு போதும். அந்தச் சில காசும் முழுசாக ஓவியருக்கே போகும். இதுதான் சில்லறைக் கட்டணத் திட்டம். மைக்ரோபேமென்ட்.

இரண்டாவது விஷயம் வடிவம் பற்றியது. அச்சுக்கு ஓரம் உண்டு, திரைக்கு ஓரம் கிடையாது. திரை ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் தாள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். கீழே போகலாம், பக்கவாட்டில் போகலாம், சுருளலாம். இதை அவர் 'முடிவில்லாத் தாள்' என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைத்தார்.

இந்த இரண்டையும் அவர் தனித்தனியாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கணும். காசு நேராக வந்தால்தான் ஓவியர் வடிவத்தில் துணிவார், வடிவத்தில் துணிந்தால்தான் காசு கொடுக்கத் தக்க ஒன்று பிறக்கும். இந்தப் பிணைப்புதான் புத்தகத்தின் நிஜமான வாதம். 'தி காமிக்ஸ் ஜர்னல்' கேரி கிராத் 2001-லேயே இதைக் கடுமையாகத் தாக்கினார். பெரிய கம்பெனிகள் இணையத்தைச் சும்மா விட்டுவிடும் என்று நம்புவது வெகுளித்தனம் என்பது அவர் வாதத்தின் சாரம். கிராத் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனா விஷயம் அதோடு முடியவில்லை.

கால் டாலர்

2003-ல் பிட்பாஸ் என்ற நிறுவனம் சில்லறைக் கட்டணத்துக்கு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. முதலில் சில டாலர் போட்டு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து செலவழிக்கலாம். மெக்ளௌட் தன் சொந்தக் கதை ஒன்றை இதில் போட்டார். 'தி ரைட் நம்பர்'. ஒரு பாகம் 25 சென்ட். மூன்று பாகமாகத் திட்டம். இரண்டு பாகம் வந்தது. மூன்றாவது வரவே இல்லை. பிட்பாஸ் 2007-ல் கடையைக் கட்டியது.

கிளே ஷிர்கி 2000-லிருந்தே இது நடக்காது என்று எழுதி வந்தவர். அவர் வாதம் எளிமையானது. 25 சென்ட் என்பது காசாகச் சின்னதுதான். ஆனா 'இது 25 சென்ட் பெறுமா?' என்று யோசிப்பதற்கு ஆகிற மனச்செலவு சின்னதில்லை. நூறு ரூபாய்க்கு யோசிக்கிற அளவே பத்து ரூபாய்க்கும் யோசிக்கிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பர்ஸை எடுக்கச் சொன்னால் வாசகர் பக்கத்தைத்தான் விடுவார், ஏன்னா பக்கத்திலேயே ஆயிரம் பேர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மெக்ளௌட் பதில் எழுதினார், விவாதம் நடந்தது, சந்தை ஷிர்கி பக்கம் நின்றது. வழக்கமாகச் சொல்லப்படுகிற கதை இங்கே முடிந்துவிடும். அடுத்து என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

இலவசமாகக் கொடு, டி-ஷர்ட் விற்றுக்கொள்

கால் டாலர் தோற்ற அதே வருடங்களில் வேறொரு கூட்டம் இணையத்தில் முழுநேரமாக வாழ ஆரம்பித்தது. இவர்கள் காமிக்ஸை விற்கவில்லை. காமிக்ஸ் இலவசம். விளம்பரம், டி-ஷர்ட், புத்தகம், மாநாட்டில் மேஜை போட்டு விற்பது. இதையெல்லாம் சேர்த்து ஒரு குடும்பச் செலவைத் தேற்றுவது. 2008-ல் நான்கு வெப்காமிக்ஸ் ஓவியர்கள் சேர்ந்து 'ஹவ் டு மேக் வெப்காமிக்ஸ்' என்று ஒரு கைநூலே எழுதினார்கள். அந்தத் தலைமுறைக்கு அது வேதம்.

இதில் 'பென்னி ஆர்கேட்' பெரிய உதாரணம். 1998-ல் இரண்டு நண்பர்கள் வீடியோ கேம் பற்றிச் சின்னச் சின்ன நகைச்சுவைத் துண்டு போட ஆரம்பித்தார்கள். பல வருடம் தட்டுத் தடுமாறினார்கள். ராபர்ட் கூ என்று ஒரு வியாபாரத் தலை வந்து சேர்ந்த பிறகுதான் அது கம்பெனி ஆனது. 2004-ல் சொந்த மாநாடே நடத்தினார்கள். இடைத்தரகர் வேண்டாம் என்று மெக்ளௌட் சொன்ன இடத்தில், நல்ல ஓர் இடைத்தரகர் கிடைத்ததால்தான் பென்னி ஆர்கேட் நிமிர்ந்தது. 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் அவர்கள் பணம் திரட்டியது புதுக் கதைக்காக இல்லை. முகப்பில் இருக்கிற விளம்பரத்தை எடுப்பதற்காக! வாசகர்கள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

ரயன் நார்த் 2003-லிருந்து போட்டுவரும் 'டைனோசர் காமிக்ஸ்' இன்னொரு வகை. ஒவ்வொரு முறையும் அதே ஆறு பேனல், அதே படம், வசனம் மட்டும் மாறும். அவரே 2006-ல் 'பிராஜெக்ட் வொண்டர்ஃபுல்' என்ற விளம்பர ஏல அமைப்பையும் தொடங்கினார். சின்னத் தளங்களுக்கு அது பெரிய உதவி. 2018-ல் மூடப்பட்டது. ரேண்டல் மன்ரோ நாசாவில் ஒப்பந்த வேலை பார்த்தவர். 2005-ல் 'எக்ஸ்கேசிடி' தொடங்கி, அடுத்த வருடமே அதை முழுநேர வேலை ஆக்கிக்கொண்டார். லாப நோக்கம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பகிரலாம் என்று உரிமத்திலேயே எழுதிவைத்தார். படம் ஊரெல்லாம் சுற்றியது. டி-ஷர்ட்டும் பிறகு புத்தகமும் விற்றன.

வியாபாரமாகப் பார்த்தால் இதில் குறை ஒன்றும் இல்லை. விமர்சகனாகப் பார்த்தால் ஒரு கேள்வி வருது. எந்த மாதிரிக் காமிக்ஸ் இப்படிப் பிழைக்க முடிந்தது? ஒரே பக்கத்தில் முடிவது. நேற்று என்ன நடந்தது என்று தெரியாமலே இன்று சிரிக்க முடிவது. நெஞ்சில் ஒரு வரியாக அச்சடித்துப் போட்டுக்கொள்ள முடிவது. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தின் (கேம் ஆடுபவர், கணிதம் படித்தவர், நூலகர்) அடையாள அட்டையாக நிற்பது. டி-ஷர்ட் பொருளாதாரம் இப்படிப்பட்ட காமிக்ஸைத்தான் வளர்த்தது. அதில் அபாரமான வேலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனா முந்நூறு பக்கத்தில் ஒரு அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நடக்கிற கதையை எந்த டி-ஷர்ட்டில் போடுவது?

நீண்ட கதையே பிழைக்கவில்லையா என்றால், பிழைத்தது. ஃபில், காயா ஃபோலியோ தம்பதி 2005-ல் 'கேர்ள் ஜீனியஸ்' தொடரை அச்சுப் பத்திரிகையிலிருந்து இணையத்துக்கு மாற்றி, வாரம் மூன்று பக்கம் இலவசமாகப் போட்டு, தொகுப்புப் புத்தகம் விற்றார்கள். ரிச் பர்லூ 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' தொகுதிகளை மறு அச்சு போட 2012-ல் 57,750 டாலர் கேட்டார். வந்தது 12 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். இணையத்தில் இலவசமாகப் படித்து முடித்த கதைகளும் அதில் அடக்கம். ஆனா ஃபோலியோவுக்கு இணையத்துக்கு முன்பே பல வருட வாசகர் கூட்டம் இருந்தது. பர்லூ அந்தப் பணத்துக்கு முன்பு எட்டு வருடத்துக்கு மேல் வரைந்திருந்தார். எட்டு வருடம் அரிசி யார் வாங்கிப் போட்டது என்பதுதான் கேள்வி.

கேட் பீட்டன் கதை இதற்கு நல்ல உரைகல். 'ஹார்க்! எ வேக்ரண்ட்' என்ற அவருடைய சரித்திர நகைச்சுவைத் துண்டுகள் 2007-லிருந்து இணையத்தில் கொண்டாடப்பட்டன. அவற்றை அவர் போட ஆரம்பித்த காலத்தில், கல்விக் கடனை அடைப்பதற்காக கனடாவின் எண்ணெய் மணல் முகாம்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அனுபவத்தைப் பெரிய புத்தகமாக, 'டக்ஸ்' என்ற பெயரில் எழுத முடிந்தது 2022-ல். பதினைந்து வருடம். இணையம் அவருக்குப் பெயர் கொடுத்தது. நீண்ட கதைக்கான காலத்தைக் கொடுத்தது பதிப்பகம்.

சந்தா

2013-ல் பேட்ரியான் வந்தது. இதை ஆங்கிலத்தில் என்னென்னமோ சொல்கிறார்கள், நமக்குப் பழகிய சொல் ஒன்று இருக்கு: சந்தா. தமிழ்ச் சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அடுத்த இதழில் என்ன வரும் என்று தெரியாது. அடுத்த இதழ் வருமா என்பதே தெரியாது. இருந்தாலும் கட்டுவோம், ஏன்னா பத்திரிகை நிற்கக் கூடாது. 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற கதை எல்லாருக்கும் தெரியும். வாசகர் கொடுப்பது பொருளுக்கு விலை இல்லை, ஆளுக்கு ஆதரவு.

ஷிர்கி சொன்ன மனச்செலவைச் சந்தா தீர்க்கிறது. ஒரு முறை முடிவு எடுத்தால் போதும், மாதாமாதம் தானாகப் போகும். அதே நேரம் டி-ஷர்ட்டுக்கு ஏற்ற நகைச்சுவை என்ற கட்டாயமும் தளர்கிறது. மெதுவாக நகரும் நீண்ட கதைகள் பலவற்றைச் சந்தா தாங்கி நிற்கிறது. அந்த வகையில் இருக்கிற வழிகளில் இதுவே உத்தமம் என்று நினைக்கிறேன்.

ஆனா இதற்கும் விலை உண்டு. ஆளுக்கு ஆதரவு என்றால், ஆள் தெரிந்துகொண்டே இருக்கணும். ஸ்கெட்ச், வரைகிற வீடியோ, மாதாந்திரக் கடிதம், கேள்வி பதில், சந்தாதாரருக்கு மட்டும் இரண்டு பக்கம் முன்கூட்டி. ஓவியரின் வாரத்தில் இவை ஒரு நாளைச் சாப்பிடும், சில சமயம் இரண்டு நாளை. உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் நிறுத்தினால் ஓவியருக்கே குற்ற உணர்ச்சி. வடிவத்திலும் இது தெரிகிறது. தன் வாழ்க்கையையே நாட்குறிப்பாக வரைவது, தன் மனச்சோர்வு, தன் பூனை, தன் வீட்டு வாடகை. இந்த வகை இவ்வளவு பெருகியதில் சந்தாவுக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். வாசகர் காசு கொடுப்பது ஆளுக்கு என்றால், ஆளே கதை ஆவது இயல்புதானே.

இன்னொரு ஆபத்து, குழாய் இன்னொருத்தர் வீட்டு வழியாகப் போவது. 2017 டிசம்பரில் பேட்ரியான் ஒரு மாற்றம் அறிவித்தது. ஒவ்வொரு சந்தாவின் மேலும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் வாசகரிடம் தனியாக வசூலிப்போம் என்று. ஒரு டாலர் கொடுக்கிறவர் 1 டாலர் 38 சென்ட் கொடுக்கணும். பத்து ஓவியருக்கு ஒவ்வொரு டாலராகக் கொடுக்கிறவர்கள்தான் முதலில் கழன்றார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பின்வாங்கியது. ஆனா போன சந்தாதாரர் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை. அந்த 35 சென்ட்டைப் பாருங்க. மெக்ளௌடின் ஒரு பாகத்து விலையே 25 சென்ட்தான்! கார்டு கம்பெனியின் வழிச்சுங்கம் கதையின் விலையைவிடப் பெரிசு. 2024-ல் ஆப்பிள் வந்து, ஐபோன் ஆப் வழியாகச் சேரும் புதுச் சந்தாக்களில் தனக்கு 30 சதவீதம் என்றது. கம்பி நேராகப் போகும் என்று மெக்ளௌட் வரைந்த படத்தில் இந்தச் சுங்கச்சாவடிகள் இல்லை.

கனவு பலித்த இடம்

இப்போ தென்கொரியாவுக்குப் போகலாம், ஏன்னா மெக்ளௌடின் இரண்டு கனவும் சேர்ந்து பலித்தது அங்கேதான். நேவர் நிறுவனம் 2004-ல் வெப்டூன் சேவையைத் தொடங்கியது. கைபேசி வந்த பிறகு, பக்கம் என்பதே போய், மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போகிற நீண்ட பட்டை அதன் வடிவமாக நிலைத்தது. 2014-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ஓரம் இல்லாத தாள். இரண்டு பேனல் நடுவில் வெற்றிடத்தை நீட்டினால் நேரம் நீளும், இருட்டை நீட்டினால் பயம் நீளும். மெக்ளௌட் சொன்ன சாத்தியங்களில் கீழ்நோக்கிப் போகிற ஒரே ஒரு சாத்தியம் மட்டும் கோடிக்கணக்கான வாசகரைச் சேர்ந்தது. பக்கவாட்டும் சுருளும் கைபேசியில் செத்தன.

காசும் அப்படித்தான். காக்காவோ பேஜ் 2014-ல் 'காத்திருந்தால் இலவசம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. அத்தியாயம் எல்லாம் இலவசம்தான், கொஞ்சம் பொறுக்கணும், பொறுக்க முடியாதவர் நாணயம் போட்டு இப்பவே படிக்கலாம். வெப்டூனும் அதே மாதிரி முன்கூட்டிப் படிக்கும் வசதியை விற்கிறது. நாணயங்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு சில்லறையாகச் செலவழிப்பது. அப்படியே பிட்பாஸ்! வித்தியாசம் ஒன்றே ஒன்று. மெக்ளௌட் கதையை விற்கப் பார்த்தார், இவர்கள் காத்திருப்பை விற்கிறார்கள். 'இந்தக் கதை 25 சென்ட் பெறுமா?' என்ற கேள்வியே எழுவதில்லை. அவளை யாரோ மாடியிலிருந்து தள்ளிவிட்டார்கள், அடுத்து என்ன? அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஷிர்கியின் ஆட்சேபத்துக்குச் சந்தை கண்டுபிடித்த பதில் இது.

வடிவத்தில் இதன் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் தொங்கலில் முடியணும். நம்ம வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு 'தொடரும்' புதிதில்லை. ஆனா தொடர்கதை எழுத்தாளர் தொங்கல் வைத்தது பத்திரிகை விற்க. இங்கே ஒவ்வொரு தொங்கலுக்கும் பக்கத்திலேயே ஒரு கல்லாப்பெட்டி. எந்தத் தொங்கலில் எத்தனை நாணயம் விழுந்தது என்று நடத்துபவருக்குத் தெரியும்.

உழைப்பும் மாறியது. முழு வண்ணத்தில் வாரம் பல பத்து பேனல்கள். அமெரிக்காவின் மாதாந்திரக் காமிக்ஸ் வேகம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தனி ஆளாகச் செய்தால் உடம்பு தாங்காது, ஆள் வைத்தால் வருமானம் தாங்காது. 'சோலோ லெவலிங்' ஓவியர் ஜாங் சுங்-ராக் 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவில் இறந்தபோது வயது 37. அவருக்கு ஏற்கெனவே உடல்நலக் குறைவு இருந்தது, அதனால் வேலைதான் காரணம் என்று யாரும் தீர்ப்பெழுதிவிட முடியாது. ஆனா அவர் மறைவுக்குப் பிறகு கொரிய ஓவியர்களின் வேலைப்பளு பற்றி வெளிப்படையான பேச்சு பெரிதானது. அதே 2022-ல்தான் வெப்டூன் அமெரிக்காவில் வைத்த ஒரு விளம்பரம், காமிக்ஸ் என்பது இலக்கியத்தின் ஜாலியான உபதொழில் என்ற அர்த்தத்தில் ஒரு வாசகத்தைப் போட்டு, தன் ஓவியர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டது. வாரம் ஏழு நாளும் வரைகிறவரிடம் 'உபதொழில்' என்றால் கோபம் வராதா?

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்லணும். ரேச்சல் ஸ்மைத் என்ற நியூசிலாந்து ஓவியரின் 'லோர் ஒலிம்பஸ்' 2022-ல் ஐஸ்னர் விருது வாங்கியது. பெண் வாசகர்களை மனதில் வைத்து, காதல் கதை சொல்லி, இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சேர்ப்பது அமெரிக்காவின் சூப்பர்ஹீரோ கடைகளில் நடந்திருக்காது. மெக்ளௌட் தன் புத்தகத்தில் பன்னிரண்டு புரட்சி வேணும் என்று பட்டியல் போட்டார். அதில் பெண் படைப்பாளர், பெண் வாசகர் சமநிலையும் ஒன்று, கதை வகைகள் விரிவதும் ஒன்று. அந்த இரண்டையும் முன்னே தள்ளியதில் இந்தச் சேவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்டூனின் தாய் நிறுவனம் 2024 ஜூனில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கே வந்தது. கேரி கிராத் 2001-ல் பயந்த 'பெரிய கம்பெனி' அமெரிக்காவிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

யுபிஐ என்ற பரிசோதனை

மெக்ளௌடுக்கு ஆதரவாக இன்னும் சிலர் சொல்வது: கட்டணச் செலவுதான் அன்று கெடுத்தது, அது மட்டும் தீர்ந்தால் சில்லறைக் கட்டணம் ஓடும். இதைச் சோதித்துப் பார்க்க உலகத்திலேயே நல்ல இடம் நம்ம ஊர்தான். 2016-ல் யுபிஐ வந்தது. 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்கும் கட்டணம் இல்லை. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஸ்கேன் பண்றோம், முழுசாகப் போய்ச் சேருது. மெக்ளௌட் 2000-ல் கனவு கண்ட கம்பி இதுதான். ஓவியர் தன் பக்கத்தின் அடியில் ஒரு கியூஆர் படத்தை ஒட்டினால் போதும்.

அப்படி ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் அஞ்சு ரூபாய் வாங்கிக் குடும்பம் நடத்துகிற ஒரு காமிக்ஸ் கலாச்சாரம் உருவாகிவிட்டதா? இல்லை. ஆக சுங்கம் மட்டும் பிரச்சினை இல்லை. டீ குடித்துவிட்டுக் காசு கொடுப்பது பழக்கம். கடைக்காரர் எதிரே நிற்கிறார். இன்ஸ்டாகிராமில் நாலு பேனல் படித்துவிட்டு விரலைத் தள்ளும்போது எதிரே யாரும் இல்லை. அங்கே கேப்ஷனில் லிங்க் போட்டாலும் அழுத்த முடியாது. 'பயோவில் இருக்கு, போய்ப் பாருங்க' என்று கெஞ்சணும்.

சந்தா வழியும் இங்கே கரடுமுரடு. 2021 அக்டோபரில் கார்டில் தானாகப் போகும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி அமலானபோது, வெளிநாட்டுத் தளங்களுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்த இந்தியச் சந்தாக்கள் பல அறுந்தன. கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து நேராகத் திட்டம் தொடங்க வழியில்லை. அதனால் இங்கே பிழைக்கிறவர்கள் கலவையாகத்தான் பிழைக்கிறார்கள். ரோஹன் சக்ரவர்த்தி 2010-லிருந்து காட்டுயிர் பற்றி வரையும் 'கிரீன் ஹ்யூமர்' நல்ல உதாரணம். பத்திரிகைப் பத்தி, புத்தகம், காட்டுயிர் அமைப்புகளுக்கு வரைந்து கொடுப்பது எல்லாம் சேர்ந்துதான் அது நிற்கிறது. இணையம் அவருக்குக் கடைவீதி. கல்லா வேறு இடத்தில்.

தமிழில் இணையத்துக்குப் புறத்தே ஒரு பாடம் இருக்கு. லயன்-முத்து காமிக்ஸ் ஆசிரியர் எஸ். விஜயன் பல வருடமாகச் சிவகாசியிலிருந்து ஆண்டுச் சந்தா வாங்கி, வலைப்பூவில் வாசகரோடு பேசி, வாதாடி, திட்டும் வாங்கிக்கொண்டு இதழ்களை நடத்துகிறார். அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு, சுயாதீன ஓவியரின் படைப்பு இல்லை. ஆனா தமிழ்க் காமிக்ஸ் வாசகர் முன்பணம் கட்டமாட்டார் என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். கட்டுவார். யாரிடம் கட்டுகிறோம் என்று தெரிந்தால் கட்டுவார்.

மெக்ளௌட் எங்கே தவறினார்

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் புத்தகத்தின் பிழை தொழில்நுட்ப ஊகத்தில் இல்லை. அது கிட்டத்தட்ட எல்லாமே சரி. பிழை 'இடைத்தரகர்' என்ற சொல்லில் இருக்கு. அவர் இடைத்தரகரை ஒரு ஆளாகப் பார்த்தார். ஆளை நீக்கினால் அவர் பங்கு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார். ஆனா இடைத்தரகு என்பது ஒரு வேலை. வாசகரைத் தேடிப் பிடிக்கணும். ஞாபகப்படுத்தணும். காசு வசூலிக்கணும். புகார் கேட்கணும். பார்சல் கட்டணும். ஆளை நீக்கினாலும் வேலை அங்கேயே கிடக்கும். யாராவது செய்யணும். ஓவியர் தானே செய்தால் வரைகிற நேரம் போகும். கூட்டாளி செய்தால் அவர் பென்னி ஆர்கேட்டின் ராபர்ட் கூ. தளம் செய்தால் அது நேவர். இன்னொன்றையும் கவனிங்க: அந்த வேலையை யார் செய்கிறாரோ அவர் தேவைக்கு ஏற்றபடி காமிக்ஸ் வளைகிறது. டி-ஷர்ட்டுக்கு ஒரு வரி, சந்தாவுக்கு நாட்குறிப்பு, நாணயத்துக்குத் தொங்கல், இன்ஸ்டாகிராமுக்கு நாலு சதுரம்.

விமர்சகர்கள் இதை வைத்து என்ன செய்வது? வெப்காமிக்ஸைப் பற்றி எழுதும்போது படத்தையும் வசனத்தையும் மட்டும் அலசுவது பாதி வேலை. ஒரு கதை ஏன் இந்த இடத்தில் நின்றது, ஏன் இவ்வளவு வேகம், ஏன் ஓவியரே பாத்திரமாக வருகிறார் என்று கேட்டால், பதில் பல சமயம் கல்லாவில் இருக்கும். படைப்பைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. சானட்டுக்குப் பதினாலு வரி எப்படியோ அப்படி. கட்டாயத்துக்குள்ளே ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்கக் கட்டாயம் எது என்று முதலில் தெரியணும்.

வரைய வருகிறவர்களுக்கு என்னிடம் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. இந்தச் சரித்திரத்திலிருந்து தெரிவதை மட்டும் சொல்கிறேன். 2013-ல் கூகுள் ரீடர் மூடியபோது, ஆர்எஸ்எஸ் வழியாக வந்துகொண்டிருந்த வாசகர்களைப் பல ஓவியர்கள் இழந்தார்கள். அதற்கப்புறம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றும் வந்து, வாசகரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கே.சி. கிரீன் 2013-ல் வரைந்த 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று தீயின் நடுவே உட்கார்ந்திருக்கும் நாயை உலகமே பார்த்திருக்கு. வரைந்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டம் இருப்பது வேறு, கூட்டத்தின் முகவரி நம்மிடம் இருப்பது வேறு. நூறு பேரின் மின்னஞ்சல் முகவரியும், கதையின் முழு உரிமையும் ஓவியர் கையில் இருந்தால், தளம் விதியை மாற்றுகிற அன்று அவர் வேறு வாசல் பார்க்கலாம். இல்லாவிட்டால் முடியாது. 1988 சாசனத்தில் மெக்ளௌடும் மற்றவர்களும் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். 2000-ல் கம்பியைப் பற்றி எழுதிய உற்சாகத்தில் அது கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

'ரீஇன்வென்டிங் காமிக்ஸ்' கிடைத்தால் படிங்க. முக்கியமாக இரண்டாம் பாதி. எது நடக்கும் என்று சொல்வதில் அவர் எவ்வளவு சரியாக இருந்தார் என்பதையும், அது யாருக்கு நடக்கும் என்பதில் எவ்வளவு தவறினார் என்பதையும் பக்கத்தில் பென்சிலோடு குறித்துக்கொண்டே படிக்கலாம். கொரிய ஓவியர்களின் ஒப்பந்த முறை பற்றித் தனியாக எழுத உத்தேசம். இங்கே சேர்த்தால் நீண்டுவிடும்.